இல்லாத இரண்டு பையன்கள்

கர்த்தருடைய குரலுக்கு அந்த வாரச் சந்தை நிலவரம் இது: முதல் வகுப்பு ரயில் டிக்கெட் இரண்டு, குளிர்சாதன அறை ஒன்று, காலையில் சர்க்கரை போடாத காபி, மேடையில் தனி மின்விசிறி. காணிக்கை இதில் சேராது. அது உங்கள் இஷ்டம் என்று போனில் சொல்லியிருந்தார்கள். இஷ்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையும் கையோடு சொல்லியிருந்தார்கள்.

பாஸ்டரம்மா இதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவள் இல்லை. துணி மொத்த வியாபாரியின் மூத்த மகள். வந்து இறங்கிய துணிக்கட்டைப் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்பது அவளுக்கு எழுத்துப் படிப்பதற்கு முன்பே வந்த பாடம். தன் வீட்டில் இறங்கிய இந்தக் கட்டை யாருமே பிரித்துப் பார்க்கவில்லை என்பதுதான் அன்று காலையில் அவளுக்கு உறைத்தது.

முந்தின நாள் மாலை நடந்ததைத் தெரியாதவர்கள் சபையில் இல்லை. மூன்று நாள் கூட்டத்தின் இரண்டாம் நாள் அது. தீர்க்கதரிசி (நோட்டீஸில் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள்) பாட்டு ஓய்ந்ததும் கண்ணை மூடினார். ஜனங்கள் நெளியும் வரைக்கும் திறக்கவில்லை. பிறகு விரலை நீட்டினார். விரல் போய் நின்றது பாஸ்டரம்மாவின் தங்கை மேல்.

“மகளே, ஒரு மனுஷன் உன் கையைக் கேட்டிருக்கான். அவன் பின்னால ரெண்டு பையன்கள் நிக்கிறதை ஆண்டவர் எனக்குக் காட்டுறார். நீ பெறாத பையன்கள். அந்த வாசல் உனக்கானது இல்ல. மூடிடு!”

மண்டபம் ‘ஸ்தோத்திரம்’ என்று அதிர்ந்தது. தங்கை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மேடையோரம் நாற்காலியில் இருந்த பாஸ்டர் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார்.

தங்கைக்கு வீட்டில் ஊசி என்று பெயர். தையல் கடை வைத்திருக்கிறாள், நாக்கும் அதே கூர். புருஷன் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. கடை இருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் பழுதானபோது ஒரு மெக்கானிக் வந்தார். லிஃப்ட் நன்றாக ஓடிய நாட்களிலும் வந்தார். போன மாதம் கல்யாணத்துக்குக் கேட்டே விட்டார். ஊசி அதை அக்காவிடம் மட்டும் சொன்னாள். “ஜெபம் பண்ணுக்கா. யார்கிட்டயும் மூச்சு விடாத.”

காலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஊசியின் போன் வந்தது.

“அக்கா, நேத்தே அவருக்குப் போன் போட்டுட்டேன்.”

“எதுக்குடி?”

“அந்த ரெண்டு பசங்க யாருக்குப் பொறந்தவங்கன்னு கேட்டேன்.”

கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் நழுவியது. “அவர் என்ன சொன்னார்?”

“‘எந்தப் பசங்க’ன்னார். நடிக்காதீங்கன்னு கத்தினேன். எங்கேயோ ஒரு குடும்பத்தை மறைச்சு வச்சுக்கிட்டு எங்கிட்ட வந்து நிக்கிறீங்களேன்னு கேட்டேன். அப்புறம் கட் பண்ணிட்டார். தப்பு இல்லாதவர் எதுக்குக்கா கட் பண்ணணும்?”

“ஊசி, கொஞ்சம் பொறு…”

“பொறுத்ததெல்லாம் போதும். இன்னிக்கு மேடையில சாட்சி சொல்லப்போறேன். தீர்க்கதரிசி ஐயாவே சொல்லச் சொன்னார். பேரைச் சொல்லியே சொல்லப்போறேன். நாளைக்கு இன்னொருத்தி ஏமாறக்கூடாது பாரு.”

போன் நின்றது. குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பாஸ்டரம்மாவுக்கு அதை மூடத் தோன்றவில்லை.

விஷயம் என்னவென்றால், அந்த இரண்டு பையன்கள் இல்லவே இல்லை.

அந்த மெக்கானிக்குக்குக் கல்யாணமே ஆகவில்லை. நடக்க முடியாத அம்மாவைப் பார்த்துக்கொண்டு தனியாக இருக்கிறார். இரண்டு பையன்களை உண்டாக்கியது பாஸ்டரம்மா. ஜெபத்துக்காகத் தன் புருஷனிடம் சொன்னபோது, “ஊசிக்கு ஒரு இடம் வந்திருக்குங்க. சம்சாரம் தவறிப்போனவர், ரெண்டு பையன்கள், நம்ம சபை இல்ல” என்று ஆளை மாற்றிச் சொல்லியிருந்தாள். உண்மையைச் சொன்னால் பாஸ்டர் மறுநாளே லிஃப்ட் கம்பெனி வாசலில் போய் நின்று விசாரிப்பார் என்று பயம். அப்பாவின் கடையில் முதலில் சொல்லும் விலையை யாரும் நம்புவதற்காகச் சொல்வதில்லை. பேச்சை ஆரம்பிக்கச் சொல்வது. அவளும் அப்படித்தான் சொன்னாள். அந்த முதல் விலைதான் நேற்று மைக்கில் வந்து இறங்கியிருந்தது.

ஆண்டவர் தன் புளுகைத் திருப்பிச் சொல்ல மாட்டார். அந்த அளவுக்கு அவளுக்கு ஆண்டவரைத் தெரியும்.

ஈரக் கையோடு முன்னறைக்குப் போனாள். பாஸ்டர் மாலைக் கூட்டத்துக்கு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏங்க, ஊசி விஷயத்தை யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“எந்த விஷயம்?”

“சுத்தி வளைக்காதீங்க.”

“ஸ்டேஷன்ல இருந்து ஐயாவைக் கூட்டிட்டு வரும்போது சொன்னேன். ஜெபத்துக்காகத்தான். கார்லயே ரெண்டு பேரும் ஜெபிச்சோம்.”

“என்னன்னு சொன்னீங்க?”

“இந்த மாதிரி ஒரு இடம், எனக்கு மனசு ஒப்பலைன்னு சொன்னேன்.”

“ரெண்டு பையன்களையும் சொன்னீங்களா?”

“சொல்லியிருப்பேன். அதான் அதிசயமே! நான் மனுஷனா சொன்னதை ஆண்டவர் அவருக்குத் தனியா உறுதிப்படுத்தியிருக்கார். எனக்கு உடம்பே சிலிர்த்துப்போச்சு.”

“ரெண்டு பையன்களையும் உறுதிப்படுத்தினாரா?”

“கண்ணால பார்த்த மாதிரி சொன்னாரே!”

“எப்படிங்க பார்ப்பார்? அந்த மனுஷனுக்குக் கல்யாணமே ஆகலை. அந்த ரெண்டும் இந்த வீட்டு அடுப்படியில பொறந்தது. நான் பெத்துப் போட்டேன். நீங்க விசாரிக்கக் கிளம்பிடக்கூடாதுன்னு ஒரு புளுகு. என் புளுகை உறுதிப்படுத்துறதுதான் ஆண்டவருக்கு வேலையா?”

இஸ்திரிப் பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது. சட்டையிலிருந்து புகை வாசனை கிளம்பிய பிறகுதான் அவர் தூக்கினார். தப்பிக்க அவருக்கு ஒரு சந்து கிடைத்தது, உடனே நுழைந்தார்.

“நீ எங்கிட்டயே பொய் சொன்னியா?”

“சொன்னேன். அதுக்கு எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க, வாங்கிக்கறேன். ஆனா அந்தப் பொய் உங்க காது வழியாப் போய், அந்த ஆள் வாய் வழியா வந்து, கர்த்தர் சொல்றார்னு ஆயிடுச்சே. அதுக்கு யாரைத் திட்டுறது?”

“மெதுவா பேசு. ஐயா மாடியில இருக்கார்.”

“கேக்கட்டும். அதையும் வெளிப்பாடுன்னு சாயங்காலம் சொல்லுவார்.”

“மரியாதையா பேசு!”

“போன வருஷம் ஆவிகளைப் பகுத்தறியறதைப் பத்தி மூணு வாரம் பிரசங்கம் பண்ணினீங்க. எவன் வந்து என்ன சொன்னாலும் மேய்ப்பன் முதல்ல வாயில வச்சுப் பார்க்கணும், அப்புறம்தான் ஆட்டுக்குப் போடணும்னீங்க. முன்வரிசையில உட்கார்ந்து நான் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். நேத்து வாயில வச்சுப் பார்த்தீங்களா?”

பாஸ்டர் கருகிய சட்டையை மடித்தார். மறுபடி பிரித்தார்.

“எனக்கும் அந்த இடம் வேண்டாம்னுதான் இருந்துச்சு. அவர் வாயால கேட்டதும்… சந்தோஷமா இருந்துச்சு.”

“அதேதான். உங்க சரக்கை உங்ககிட்டயே வித்துட்டுப் போயிருக்கார். நீங்களும் புதுசுன்னு நெனைச்சு வாங்கிட்டீங்க.”

மாடிக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். அவள் கையில் காபி. சர்க்கரையை ஆண்டவருக்காக விட்டுவிட்டேன் என்று முதல் நாள் மேடையில் சொன்னவருக்கு, வேண்டுமென்றே இரண்டு கரண்டி போட்டிருந்தாள். தீர்க்கதரிசி ஒரு வாய் குடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடிவரைக்கும் குடித்துவிட்டு, இன்னொரு கப் இருக்குமா என்றார்.

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். “ஐயா, நேத்து ரெண்டு பையன்கள்னு சொன்னீங்க. அது ஆண்டவர் காட்டினதா, நான் கார்ல சொன்னதா?”

“என்ன பாஸ்டர், ரெண்டும் வேறயா? ஆண்டவர் உங்க வாயால எனக்குச் சொன்னார். என் வாயால சபைக்குச் சொன்னார்.”

“அப்போ என் வாயும் தேவைப்பட்டிருக்கு” என்றாள் பாஸ்டரம்மா. “அதைக் கிளப்பிவிட்டதே நான்தான். அந்த மனுஷனுக்குப் பிள்ளைங்களே கிடையாது.”

அவர் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். “சிஸ்டர், மாம்சக் கண்ணுக்குத் தெரியாதது ஆவியில தெரியும். அந்த ஆளோட வாழ்க்கை முழுக்க நீங்க பார்த்தீங்களா?”

“நீங்க பார்த்தீங்களா?”

அவர் பாஸ்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். குரலும் இறங்கியது. “பாஸ்டர், உங்களைப் பத்தி எனக்கு ஒரு வார்த்தை வந்திருக்கு. விடியற்காலையில இருந்தே பாரமா இருக்கு. இந்த வாடகை மண்டபம் உங்களுக்கானது இல்ல. பெரிய ஆலயம், பெரிய ஜனக்கூட்டம். இன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்லணும்னு இருக்கேன். ஆனா, சந்தேகம் இருக்கிற எடத்துல வார்த்தை தங்காது. நீங்களே பார்த்துக்கங்க.”

பாஸ்டரம்மாவுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும். ‘உங்களுக்குன்னே ஒரு பீஸ் எடுத்து உள்ளே வச்சிருக்கேன்’ என்று கடைக்காரன் சொல்லும் இடம். புருஷனின் முகத்தைப் பார்த்தாள். பைக்குள் கை போய்விட்ட வாடிக்கையாளனின் முகம்.

“ஜெபிக்கிறேன் ஐயா” என்றார் பாஸ்டர்.

படியிறங்கும்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். “அதுக்கு என்ன அர்த்தம்?”

“ஜெபிக்கணும்னு அர்த்தம்.”

“கண்ணை மூடித் தெரிஞ்சுக்க வேண்டியதும் இருக்கு, கண்ணைத் திறந்து பார்த்துத் தெரிஞ்சுக்க வேண்டியதும் இருக்கு. இதுக்கு எதுக்குங்க கண்ணை மூடுறீங்க?”

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நடுப்பகலில் அவள் தங்கையின் கடைக்குப் போனாள். லிஃப்ட் நின்றிருந்தது. சரிசெய்ய அன்று யாரும் வந்திருக்கவில்லை. மூன்று மாடியும் ஏறி, மூச்சு வாங்க வாசலில் நின்று, பையைக் கீழே வைக்கக்கூடப் பொறுக்காமல் எல்லாவற்றையும் கொட்டினாள். பாதியிலேயே தையல் மெஷின் நின்றது.

“உங்கிட்ட மட்டும்தானேக்கா சொன்னேன்.”

“தப்புதான்டி.”

“அத்தான்கிட்ட சொன்ன, சரி. ரெண்டு பிள்ளையை எதுக்குச் சேர்த்துவிட்ட? நான் என்ன அப்பா கடைத் துணியா, என்மேலயும் விலை ஏத்திச் சொல்ல?”

“உன்னைக் காப்பாத்தத்தான்டி…”

“நல்லா காப்பாத்தின போ.” ஊசி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “இரு. இப்போ சொல்றியே, இது நெசமா? இல்ல இதுவும் முதல் விலையா?”

பாஸ்டரம்மாவின் கை எழும்பிவிட்டது. அறைவதற்கா, தலையில் அடித்துக்கொள்வதற்கா என்று அவளுக்கே தெரியாமல் கீழே இறங்கியது.

“சத்தியமா சொல்றேன்டி.”

“உன் சத்தியத்தை நீயே வச்சுக்க. அத்தான் மைக்குக்குப் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தார்? கார்ல தான் சொன்னது மேடையில வருதுன்னு அவருக்குத் தெரியாமலா போச்சு? ஆமென்னுல்ல சொன்னார்! பாஸ்டரே ஆமென் சொன்னா நான் என்னன்னு எடுத்துக்கறது? அதை நம்பித்தானே ராத்திரி ஒரு மனுஷனை வாய்க்கு வந்தபடி பேசினேன்?” அவள் குரல் உடைந்தது, அதனால் இன்னும் சத்தம் போட்டாள். “அத்தான் சொல்லட்டும். எல்லார் முன்னாடியும், அதே மைக்ல, இது ஆண்டவர் சொன்னது இல்லைன்னு சொல்லட்டும். நான் நம்பறேன். வாயைத் திறக்கலையா, மேடையில நின்னு அந்த ஆள் பேரைச் சொல்லத்தான் போறேன். நீயா, அந்த ஐயாவா, யார் சொல்றது பொய்யின்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது? அது என் வேலையா, அத்தான் வேலையா?”

கேள்வி சரியாக இருந்ததால் பாஸ்டரம்மாவுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

மாலையில் மண்டபம் நிரம்பி வழிந்தது. ஒரு காலத்தில் சரக்குக் கிடங்காக இருந்த இடம்; இரும்பு ஷட்டர் பாதி ஏற்றிய நிலையிலேயே இருக்கும். பாஸ்டர் நீலச் சட்டை போட்டுக்கொண்டு மேடையோரம் உட்கார்ந்திருந்தார். தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு ஓய்ந்தது. “நேத்து வார்த்தை பெற்ற மகள் வரட்டும்” என்றார் தீர்க்கதரிசி.

ஊசி எழுந்து போனாள். மைக்கை வாங்கினாள்.

“எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் கையைக் கேட்டவர் ஒருத்தர் இருக்கார். அவர் யாருன்னா…”

நிறுத்தினாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை. திரும்பி, அத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒலிபெருக்கியில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. பாஸ்டரம்மா முன்வரிசை நாற்காலியின் கைப்பிடியை நெரித்தாள். இந்த மனுஷன் எழுந்திருக்காவிட்டால் மைக் ஒயரைப் பிடுங்கிவிடுவது என்று தீர்மானித்து, ஒயர் எங்கே போகிறது என்று கண்ணால் தேட ஆரம்பித்திருந்தாள்.

“அவர் பேர்…” என்றாள் ஊசி.

நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. பாஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.

“சொல்லாதம்மா.”

தீர்க்கதரிசி புன்னகை மாறாமல் கையை நீட்டித் தடுத்தார். “பாஸ்டர், ஆவியானவர் கிரியை செய்யும்போது குறுக்கே வராதீங்க.”

“என் சபைங்க ஐயா. குறுக்கே வர்றதுதான் என் வேலை. நேத்தே வந்திருக்கணும்.”

மைக்கை அவர் வாங்கவில்லை. ஊசியின் கையிலிருந்த மைக்கை நோக்கிக் குனிந்து பேசினார். மூன்று வாரப் பிரசங்கத்தில் இருந்த ஓட்டம் இதில் இல்லை.

“நேத்து நீங்க கேட்டது கர்த்தருடைய வார்த்தை இல்ல. நான் கார்ல பேசின பேச்சு. அதுவும் தப்பான தகவல். அந்த மனுஷனுக்குப் பிள்ளைங்க கிடையாது. நான் பேசினதையே மைக்ல கேட்டேன், எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் ஆமென் போட்டேன். ஏன்னா அது எனக்குப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. எனக்குப் பிடிச்சிருக்குங்கறதால அது ஆண்டவர் பேசினதாயிடாது. உங்க முன்னாடி நிக்கிறவன் முதல்ல தன்னைத்தான் சோதிச்சுப் பார்க்கணும். நான் பார்க்கல. என்னை மன்னிச்சிடுங்க.”

பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். “அப்போ முதல் நாள் ஐயா எனக்குச் சொன்னாரே பாஸ்டர், என் மகன் திரும்பி வருவான்னு?”

பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “உங்களைப் பத்தியும் கார்ல சொன்னேங்க.”

அந்தப் பெரியவர் அப்படியே உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் கூச்சல் கிளம்பியது. பாதிப் பேர் தீர்க்கதரிசி மேல் பாய்வார்கள் என்று பாஸ்டரம்மா நினைத்திருந்தாள். பாய்ந்தது பாஸ்டர் மேல். “தேவமனுஷரை வீட்டுக்குக் கூப்பிட்டு அவமானப்படுத்துறதா?” “நம்பி இருந்தோமே, அதையும் பிடுங்கிட்டீங்களே!” தீர்க்கதரிசி பையை எடுத்தார், மேடையை விட்டு இறங்கினார், ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே போனார். தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கச் சொல்லி ஒரு கூட்டம் அவர் பின்னாலேயே குனிந்து போனது.

ஊசி மேடையிலேயே நின்றாள். ஒரு கையில் மைக். மறுகையால் போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். மைக்கை அணைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மணி அடிப்பது நான்கு ஒலிபெருக்கியிலும் கேட்டது. கூச்சல் போட்டவர்கள்கூட வாயை மூடினார்கள். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. மறுபடி அழுத்தினாள். இந்த முறை மணியே அடிக்கவில்லை. ‘அணைத்து வைக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு பெண் குரல் மண்டபம் முழுக்கச் சொன்னது.

ஊசி மேடையிலிருந்து அக்காவைப் பார்த்தாள்.

காலையிலிருந்து எல்லார் மேலும் எரிந்து விழுந்த பாஸ்டரம்மா, உட்கார்ந்த இடத்திலேயே கணக்கைப் போட்டுப் பார்த்தாள். தீர்க்கதரிசி ஒரு மனுஷனின் நல்ல பெயரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காமலே போய்விட்டார், அது வாராக்கடன். பாஸ்டர் தன் பங்கைக் கட்டிவிட்டார், அதற்குப் பாதிச் சபை வட்டியாகப் போயிற்று. ஊசி கட்டத்தான் நிற்கிறாள், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. இரண்டு பையன்களைப் பெற்றுப்போட்டவளின் பெயரில் இதுவரை வரவு ஒன்றுமே இல்லை. எல்லாரும் கொடுக்க வேண்டியது போனை அணைத்து வைத்திருக்கிற அந்த ஒரே ஆளுக்கு. அசல் அப்படியே நிற்கிறது.